ரியாஸின் காரும் ஐந்தருவித் தண்ணீரும்

மே மாதத்தில் குற்றாலம் போகிறேன் என்றால் கேட்பவர் சிரிப்பார்கள். அருவி வற்றிக் கிடக்கும் காலம். நான் குளிக்கப் போகவில்லை. என் நண்பன் ரியாஸின் காரைத் தென்காசியில் அவன் வாப்பாவிடம் ஒப்படைக்கப் போனேன். ரியாஸ் இப்போது இல்லை. மார்ச்சில் ஒருநாள் அலுவலகத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. முப்பத்திரண்டு வயது. இன்னும் மனசு ஆறவில்லை.

கோவையில் நாங்கள் இருவரும் பந்தயத் தடத்தில் பணம் கட்டி ஓட்டுவோம். பரிசு கிரிசு ஒன்றும் கிடையாது, ஆசைதான். வெயில் காலத்தில் அங்கே வேகத்தைவிட இன்ஜின் சூட்டோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினேன். மதுரை, ராஜபாளையம் வழியாகச் சுமார் 370 கிலோமீட்டர். பெட்ரோலுக்கு 2,900 ரூபாய் ஆனது, சுங்கம் தனி. சிவகிரி வரை இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் நடுவிலேயே நின்றது. புளியங்குடியில் எலுமிச்சை லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தபோது சிவப்பை நோக்கி ஏறத் தொடங்கியது. ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுசாகத் திறந்தேன். இன்ஜினின் சூட்டை நாம் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும் வித்தை இது, ரியாஸ் சொல்லிக்கொடுத்தது. பக்கத்து லாரி ஓட்டுநர் எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணாச்சி, இந்த வெயில்ல ஹீட்டரப் போட்டு உக்காந்திருக்கீய?"

"வண்டிக்குக் காய்ச்சலுங்க."

"அதுக்கு நீங்க வேகுதீயளாக்கும்!"

சிரித்துவிட்டேன். ரியாஸ் இருந்திருந்தால் இதையே ஒரு வாரம் சொல்லிச் சொல்லிக் கிண்டலடித்திருப்பான். முள் மெல்ல இறங்கியது.

தென்காசி போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. வீட்டு வாசலில் உடனே இன்ஜினை அணைக்கவில்லை. தடத்தில் ஓட்டிப் பழகியவர்களுக்கு அப்படி ஒரு பழக்கம், ஆறவிட்டுத்தான் அணைப்போம். லுங்கிக் கடை வைத்திருக்கும் மாமா, அதாவது ரியாஸின் வாப்பா, வெளியே வந்து பானட்டின் மேல் கை வைத்தபடி நின்றார். அணைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

சாப்பாட்டைக்கூடத் தொடாமல் கேட்டார்.

"தம்பி, மறைக்காம சொல்லணும். கடைசியா ஓட்டுனப்ப வண்டி கொதிச்சிப் போச்சின்னு போன்ல சொன்னான். நான் குடுத்துவிட்ட தண்ணியாலயா?"

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சீசனில் அருவித் தண்ணீரைக் கேனில் பிடித்து வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறவர்கள் இந்தப் பக்கம் உண்டு. மூலிகைத் தண்ணீர், உடம்புச் சூட்டைத் தணிக்கும் என்பார்கள். மாமா ஒருபடி மேலே போய் மகனின் காருக்கும் கொடுத்துவிடுவார். "ரேடியேட்டர்ல ஊத்துலே, சூடு அண்டாது" என்று போனில் அவர் சொல்வது எனக்கும் கேட்கும். மகன் போன பிறகு உள்ளூர் மெக்கானிக் ஒருவர், அந்தத் தண்ணீரை ஊற்றினால் துருவேறி அடைத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டாராம். மகன் ஆசையாக ஓட்டிய கடைசி ஓட்டத்தைத் தானே கெடுத்துவிட்டோம் என்று மனிதர் தூக்கமில்லாமல் கிடந்திருக்கிறார்.

"இல்ல மாமா. ஹோஸ் கிழிஞ்சுதான் கொதிச்சுது. உங்க தண்ணிய அவன் ரேடியேட்டர்ல ஊத்துனதே இல்லைங்க. கூலன்ட்தான் ஊத்துவான்."

முகம் தெளிந்தது. அடுத்த நொடியே வாடியது.

"ஒரு தடவகூடவா ஊத்தல? எங்கிட்ட ஊத்துனேன்னுல்லா சொல்லுவான்."

அவரைக் காரின் பின்பக்கம் அழைத்துப் போனேன். டிக்கியைத் திறந்து காட்டினேன். அவர் கொடுத்த கேன் கால்வாசித் தண்ணீரோடு இருந்தது. பக்கத்தில் செடிக்கு மருந்தடிக்கும் கை ஸ்பிரேயர். ஒவ்வொரு முறை ஓட்டி முடித்து வந்ததும் ரியாஸ் இந்தத் தண்ணீரை ஸ்பிரேயரில் ஊற்றி, ரேடியேட்டரின் முன்பக்கம் புகைபோலத் தெளிப்பான். முள் இறங்குவதைப் பார்த்து, "வாப்பா தண்ணி வேலை செய்யுதுலே" என்பான். வேறு தண்ணீரைத் தொடவே மாட்டான். எல்லாவற்றையும் சொன்னேன்.

மாமா ஸ்பிரேயரை வாங்கிக்கொண்டு காரின் முன்னால் குந்தினார். "இப்பிடியா அடிப்பான்?" ஆவி எழும்பியது. கேன் காலியாகும் வரை அடித்தார். கதவோரம் நின்ற ரியாஸின் உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

மாலையில் மாமாவை உட்காரவைத்து ஐந்தருவிக்கு ஓட்டினேன். வெறும் பாறைதான், ஓரத்தில் ஈரக்கசிவு. காலிக் கேனை மடியில் வைத்திருந்தார். "சாரல் விழட்டும், பிடிச்சு வைக்கேன்" என்றார். சரி மாமா என்றேன்.

வெயிலில் தடத்தில் ஓட்டப் போகிறவர்களுக்கு: கூலன்டைப் புதிதாக மாற்றுங்கள், ஹோஸ்களை அமுக்கிப் பாருங்கள், நாலு சுற்றுக்கு ஒரு சுற்று மெதுவாக ஓட்டுங்கள், சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். ஊரிலிருந்து யாராவது ஆசையாகத் தண்ணீர் கொடுத்துவிட்டால் உள்ளே ஊற்றாமல் வெளியே தெளியுங்கள். தெளித்ததை அன்றைக்கே போன் போட்டு அவரிடம் சொல்லிவிடுங்கள்.