வழுக்கும் துணியும் தொண்ணூற்றெட்டுக் கிலோவும்

தையல்காரம்மா மேசைமேல், உடைக்கு உள்பக்கம் வைத்துத் தைக்கும் வழுவழுப்பான லைனிங் துணியை இரண்டாக மடித்துப் போட்டு வெட்டிக்கொண்டிருந்தாள். லைனிங் துணிக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. கத்திரி பட்டாலே ஓடும். அதற்காகப் பழைய இரும்பு இஸ்திரிப் பெட்டியை மேலே தூக்கி வைத்திருந்தாள். ஏழு கிலோ கனம். அன்று மதியம் தெரியாமல் முழங்கை அதில் இடித்தது. பெட்டி மேல்மடிப்பையும் இழுத்துக்கொண்டு ஒரு சாண் தூரம் போய் நின்றது. கீழ்மடிப்பு அசையவே இல்லை.

கத்திரியைக் கீழே வைத்தாள். ஒற்றை விரலால் பெட்டியைத் தள்ளிப் பார்த்தாள். சத்தமே இல்லாமல் மறுபடியும் போனது.

அடுத்த அறையில் அவள் புருஷன் படுத்திருந்தார். லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து எட்டு மாதம். அவர் தொண்ணூற்றெட்டுக் கிலோ, அவள் நாற்பத்தைந்து. தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் அவர் சறுக்கிச் சறுக்கிக் கால்மாட்டுக்கு வந்துவிடுவார். அக்குளில் கை கொடுத்து ரப்பர் விரிப்பின்மேல் இழுத்து இழுத்து அவளுக்கு இடுப்பு விட்டுப்போனது. அவருக்கு இடுப்புக்குக் கீழே தோல் சிவந்துவிட்டது. வாரம் ஒருமுறை வரும் நர்ஸ் முந்தின நாள் அதைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இழுக்காதீங்கக்கா. தோலும் ரப்பரும் ஒண்ணையொண்ணு விடாது. அந்த உராய்வுலதான் புண்ணாகுது. தூக்கித்தான் நகர்த்தணும். அதுக்கு ரெண்டு ஆள் வேணும்."

பக்கத்தில் நின்ற மகன் அப்போதே முடிவு கட்டிவிட்டான். "நாளன்னைக்குக் காலைல பத்து மணிக்கு வண்டி வரும்மா. பராமரிப்பு இல்லத்துல தூக்கிவிட நாலு பேர் இருக்காங்க. உன்னால முடியாது."

அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்போது அவள் வெட்டிய துணியைத் தலையணை உறைபோல், ஆனால் இருபக்கமும் திறந்திருக்க, அகலமான குழாயாகத் தைத்தாள். கட்டிலின் தலைப்பக்கத்தை இறக்கி, அவரைப் புரட்டித் தோளிலிருந்து தொடைவரை அதைக் கீழே செருகினாள். வாதம் தாக்காத காலை மடக்கி வைத்தாள்.

"என்னடி, எனக்குப் பாவாடை தைச்சியா?" என்றார் அவர், கோணிய வாயால்.

"பேசாம இருங்க. தள்ளப் போறேன்."

மடக்கிய அவர் முழங்காலில் கை வைத்து, தன் ஒரு காலை முன்னே ஊன்றி, கையை மடக்காமல், உடம்பை மட்டும் முன்னே சாய்த்தாள். மூச்சைப் பிடித்துக்கொள்ளக்கூட இல்லை. அவர் நகர்ந்தார். துணி துணிமேல் உருள, அந்தப் பெரிய உடம்பு தண்ணீரில் ஓடம் போவதுபோலத் தலைமாட்டுக்குப் போனது. அவருடைய கனத்தில் ஒரு குன்றிமணி குறையவில்லை. அவளுக்குப் பலமும் கூடவில்லை. இரண்டு முழத் துணிதான் நடுவில் வந்திருந்தது. அவள் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். எட்டு மாதமாக மல்லுக்கு நின்றது அவரோடு இல்லை, அவருக்குக் கீழே இருந்த ரப்பரோடு.

"இன்னொரு தடவை தள்ளு," என்றார் அவர் மெதுவாக. "கியர் மாத்தின குலுக்கலே இல்ல."

சந்தோஷத்தில் குழாயை உருவ மறந்து, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினாள். வழுக்கிய வேகத்தில் அவர் கால்மாட்டுக் கம்பியில் வந்து முட்டினார். "பிரேக்கும் வச்சுத் தைச்சிருக்கலாம்," என்றார். உராய்வு இல்லாவிட்டாலும் ஆபத்துதான் என்று அவளுக்கு அப்போது புரிந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே மகன் வந்தான். அவனைப் பேசவிடாமல் கட்டிலருகே நிறுத்தினாள். ஒரே தள்ளலில் அப்பாவை மேலே ஏற்றினாள், குழாயை உருவினாள். அவன் நம்பவில்லை. குழாயை வாங்கி அவனே செருகித் தள்ளினான். பிறகு குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தான்.

"சக்கரம் கிக்கரம் வச்சிருக்கியாம்மா?"

"வெறும் லைனிங்டா."

அவன் நர்ஸுக்குப் போன் செய்தான். தோலை இழுக்காமல் நகர்த்தினால் போதும், ஒரு வாரம் பார்க்கலாம் என்றாள் அவள். பத்து மணிக்கு வண்டி வந்ததும் அவன் வாசலுக்குப் போய் அதைத் திருப்பி அனுப்பினான். அந்த நேரத்தில் தையல்காரம்மா, வேலை முடிந்ததும் உருவ மறக்காதபடி குழாயின் ஓரத்தில் சிவப்பு நாடா ஒன்றை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.