தையலக்காவின் பெட்டியில் பதினோரு வருட மழை

எங்கள் தெருவின் தகவல் வலைக்கு முதலாளி கிடையாது. ஒவ்வொரு மொட்டைமாடியிலும் ஒரு சூரியப் பலகை, ஒரு பேட்டரி, செங்கல் அளவில் ஒரு பெட்டி. பேச்சும் படமும் பெட்டிக்குப் பெட்டி தாவிப் போகும். ஒரு வீட்டின் பதிவுகளை வேறு இரண்டு வீடுகள் நகலெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது தெருவின் வழக்கம்.

தையலக்கா வைத்திருந்தது பக்கத்து வீட்டில் இருக்கும் தன் கொழுந்தனாரின் பதிவுகளை. அவர் விதை சேகரிப்பவர். எந்த விதை, எத்தனையாவது மழைக்கு, எந்த மாடியில் முளைத்தது என்று பதினோரு வருடக் குறிப்பு. தெருவின் மாடித் தோட்டங்கள் அதைப் பார்த்துத்தான் விதைக்கும்.

போன வருடம் அக்கா வைத்த புதுப் பலகையின் நிழல் கொழுந்தனாரின் நாற்றுகள் மேல் விழுந்தது. வாய்ச்சண்டை முற்றி, கொழுந்தனார் தான் வைத்திருந்த அக்காவின் நகலைத் தன் பெட்டியிலிருந்து அழித்துவிட்டார். அக்கா அவருடையதைத் தொடவில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் இடி விழுந்து அவர் பெட்டி கருகியது. இன்னொரு நகலை வைத்திருந்தவர் வீடு மாறும்போது எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போயிருந்தார். மறுநாள் விதைப்பு. தெரு கொடுத்த மாற்றுப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொழுந்தனார் வாசலில் நின்றார்.

"அண்ணி..."

"உள்ள வந்து மாட்டு. ஆறு மணி நேரம் ஆகும். நடுவுல நின்னா மறுபடி முதல்லேர்ந்து."

மூன்று நாளாக மேகம். பேட்டரியில் கால்வாசிகூட இல்லை. தையல் மெஷினின் மோட்டாரும் அதில்தான் ஓடியாக வேண்டும். அன்று சாயங்காலத்துக்குள் பதினான்கு பள்ளிச் சீருடைகள் முடிய வேண்டும்.

அக்கா விசிறியை நிறுத்தினார். விளக்கை நிறுத்தினார். மோட்டாரின் வாரைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு வலது கையால் மெஷின் சக்கரத்தைச் சுற்றி, இடது கையால் துணியைத் தள்ளித் தைக்கத் தொடங்கினார். ஐந்தாவது சட்டையில் தோள் இறங்கிப்போனது. நிறுத்தவில்லை.

கொழுந்தனார் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "உங்களோடத நான் அழிச்சிட்டேன்."

"தெரியும். என் பெட்டி அன்னைக்கே கோள் மூட்டிடுச்சு."

"அப்புறம் ஏன் வச்சிருந்தீங்க?"

"சண்டை உங்கூட. வெண்டை விதை எனக்கு என்ன பண்ணுச்சு?"

கொழுந்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு எழுந்து ஸ்டூலை மெஷினுக்கு வலப்பக்கம் போட்டார். சக்கரத்தைப் பிடித்தார்.

"மெதுவா சுத்துப்பா. தையலெல்லாம் பல்லிளிக்குது."

"பலகையைக் கொஞ்சம் தள்ளி வைக்கக் கூடாதா அண்ணி?"

"வைக்க மாட்டேன். நாத்தைத் தள்ளி வை."

பதிமூன்றாவது சட்டையில் பெட்டியின் பச்சை விளக்கு நிலைத்தது. நகல் முழுதாக வந்து சேர்ந்துவிட்டது. பேட்டரியில் மிச்சம் இரண்டு விழுக்காடு. கொழுந்தனார் தன் பெட்டியைக் கழற்றப் போகவில்லை. ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மறு கையால் அதில் எதையோ அழுத்தினார். அக்காவின் பெயர் பெட்டியின் சின்னத் திரையில் வந்தது. அக்காவின் பதிவுகள் கொழுந்தனாரின் பெட்டிக்குப் போகத் தொடங்கின.

"சார்ஜ் தீர்ந்துடும்டா!"

"தீரட்டும். வெயில் வந்ததும் மறுபடி முதல்லேர்ந்து எடுத்துக்கறேன். அடுத்த சட்டையை வைங்க."