கடலுக்கு மேல் ஒரு கத்தரித் தோட்டம்

புயல் அடித்த மறுநாள் காலை பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வந்தோம். ஊர்ச்சனம் எல்லாம் அங்கேதான் ஒதுங்கியிருந்தது. கூரையில் சில ஓடுகள் போயிருந்தன. அது பெரிய காரியமில்லை. வீட்டுக்குப் பின்னால் தோட்டம் போட்டிருந்த வளவுக்குப் போன என் கணவர் போன இடத்திலேயே நின்றுவிட்டார். நானும் போய் எட்டிப் பார்த்து, "என்ர மாதாவே!" என்று வாயைப் பொத்திக்கொண்டேன். கத்தரிப் பாத்தி முழுக்கக் கடற்பாசி. மிளகாய்க் கன்றுகளுக்கு நடுவே ஒரு நண்டு, வாடகைக்கு வந்தவர் மாதிரி அங்கும் இங்கும் நடந்து இடம் பார்த்துக்கொண்டிருந்தது. புடோல் கொடி பந்தல் கம்பியோடு சுருண்டு அடுத்த வீட்டு வேலியில் தொங்கியது. தீவைச் சுற்றிக் கிடந்த கடல் எங்கள் வளவுக்குள் வந்து, ஆறுதலாக இருந்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தது.

அவர் ஆதியில் தோட்டக்காரர் இல்லை. மீசை முளைத்த நாள் தொட்டு வள்ளத்தில் கடலுக்குப் போய் மீன் பிடித்தவர். கத்தரிக்காய் செடியில் காய்க்கிறதா கொடியில் காய்க்கிறதா என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார். பாரிசவாதம் வந்து வலக்கை பலம் கெட்டதும், இனிக் கடல் வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். வள்ளத்தை என் தம்பி எடுத்துக்கொண்டான். இவர் விறாந்தைக் கதிரையில் இருந்து கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை நாளைக்குத்தான் ஒரு மனுசி அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்? ஒருநாள் சந்தையில் வாங்கிவந்த கத்தரிக் கன்றுக் கட்டை அவருடைய இடக்கையில் திணித்து, "கடல் எங்கயும் ஓடிப் போகாது, போய் இதை நடுங்கோ!" என்று கத்தினேன். முணுமுணுத்துக்கொண்டு நட்டார். நட்டது பிடித்துக்கொண்டது. அதன்பிறகு மனுசன் வளவை விட்டு வெளியே வந்தால்தானே! கத்தரி, மிளகாய், வெண்டி, பயற்றை, புடோல் என்று வளவு நிறைந்தது. மாதா கோயில் பூசைக்குப் போகும்போதுகூட நகத்துக்குள் மண் இருக்கும். நான் ஏசுவேன், உள்ளுக்குள் மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொள்வேன்.

புயல் செய்தி கேட்டு மகன் கொழும்பிலிருந்து தொலைபேசி எடுத்தான். எப்போதும் கேட்பதைத்தான் கேட்டான்: "அங்க தனிய இருந்து என்ன செய்யப் போறியள்? ரெண்டு பேரும் என்னோட வந்திருங்கோவன்." அவரும் எப்போதும் போல "வரேலாது" என்பார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். "ஓம் மகன், வாறம்" என்றார். எனக்குத் தலையில் இடி விழுந்தது போல இருந்தது. தொலைபேசியைப் பறித்து, "கொப்பர் விசர்க் கதை கதைக்கிறார், நீ அதைக் காதில போடாத" என்றேன். ஆனால் மகன் பிடித்துக்கொண்டான். புதுவருஷம் முடிய வான் ஒன்று பிடித்து ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டான்.

மகன் வீட்டில் ஒரு குறையும் இல்லை. மருமகளும் தங்கமான பிள்ளை. ஆனால் அது மாடிவீடு. யன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். இவரை அந்தச் சுவருக்கு முன்னால் கதிரை போட்டு இருத்தினால் அடுத்த மாரியைக் காணமாட்டார். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் "ஓம்" சொன்னார் என்பதுதான் என்னைப் பயப்படுத்தியது. அன்று பின்னேரம் வரைக்கும் அவரோடு சண்டை பிடித்தேன். கடைசியில், "சரி, தோட்டம் புதுவருஷத்துக்கிடையில சரிவந்தா இருப்பம். வராட்டிப் போவம். இப்ப வாயை மூடு" என்றார். மூடினேன்.

மறுநாளே தம்பி வந்தான். பாசியை அள்ளி ரோட்டோரம் கொட்டினோம். கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தால் கடலேதான். எங்கள் கிணறு பங்குக் கிணறு. பாதி எங்கள் வளவில், பாதி அடுத்த வீட்டு முஸ்லிம் குடும்பத்தின் வளவில். அந்த வீட்டுப் பெண்ணும் வாளியோடு வந்து, ஒரு வாய் குடித்துத் துப்பிவிட்டு, "யா அல்லாஹ், பிள்ளைகளுக்கு எதைக் குடுக்கிறது அக்கா?" என்று தலையில் கைவைத்தாள். தம்பி எங்கேயோ போய்ப் பெரிய மோட்டர் ஒன்றைத் தூக்கி வந்தான். உப்புத் தண்ணீரை எல்லாம் இறைத்துவிட்டால் நல்ல தண்ணீர் ஊறும், அதை விட்டு மண்ணைக் கழுவிவிடலாம் என்பது அவன் கணக்கு. எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. மோட்டர் வெயில் ஏறும்வரை முழங்கியது. நாங்கள் மாறி மாறி வாயில் வைத்துப் பார்த்தோம். இறைக்க இறைக்கக் கரிப்பு ஏறிக்கொண்டே போனது.

"அந்தச் சனியனை நிப்பாட்டடா!"

விறாந்தையிலிருந்து அவர் போட்ட சத்தத்தில் காகங்கள் பறந்தன. அந்தச் சண்டைக்குப் பிறகு வாயே திறக்காத மனுசன்! தம்பி ஓடிப்போய் மோட்டரை நிறுத்தினான். அவர் காலை இழுத்து இழுத்துக் கிணற்றடிக்கு வந்தார்.

"கீழ கிடக்கிறது கடலடா. அதுக்கு மேலதான் மழைத் தண்ணி மிதக்குது. நீ மோட்டர் போட்டு இழுத்தா மிதக்கிறது முதல்ல போயிரும், பிறகு கடல்தான் ஏறி வரும்."

"மிதக்குமோ அத்தான்? தண்ணிக்கு மேல தண்ணியோ?"

"அருவியாறு பெருகிக் கடலுக்கு வாற நாளில நாங்கள் வள்ளத்தில இருந்து மேலால கோலிக் குடிச்சிருக்கிறம். கையை ஆழ விட்டா உப்பு. மேலால தடவினாப் பச்சைத் தண்ணி. இஞ்சயும் அதுதான். நல்ல மழை பெய்யட்டும். அதுமட்டும் ஒருத்தரும் கிணத்தைக் கலக்கக்கூடாது."

நான் அப்படியே கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டேன். இந்த வளவுக்கு வாழ வந்த நாள் தொட்டு அந்தத் தண்ணீரில்தானே சோறு காய்ச்சினேன், பிள்ளையைக் குளிப்பாட்டினேன். ஒரு நாளாவது யோசித்தேனா? எங்கள் காலுக்குக் கீழே கடல். அதன்மேல் ஒரு மெல்லிய நல்ல தண்ணீர். அதன்மேல் எங்கள் வீடு, அவருடைய கத்தரி, கோயில், பள்ளிவாசல், இந்தத் தீவுச் சனம் அத்தனையும். ஆண்டவரே, எதை நம்பி இருக்கிறோம் என்றுகூடத் தெரியாமல் இவ்வளவு காலம் இருந்திருக்கிறோம்! தரையில் கால் வைக்கவே கொஞ்ச நேரம் கூச்சமாக இருந்தது.

அன்றிலிருந்து அவர் கதிரையில் இருக்கவில்லை. மழைத் தண்ணீர் ஓடிப் போகாமல் நின்று, மண்ணிலுள்ள உப்பையும் கரைத்துக்கொண்டு கீழே இறங்கவேண்டும் என்று பாத்திகளைச் சுற்றி வரம்பு கட்டினார். இடக்கையால் மண்ணை அணைத்து, முழங்கையால் தட்டினார். தம்பி தீவுக்கு வெளியே உயிலங்குளத்தில் தெரிந்தவரின் வயலில் இருந்து வைக்கோலும் மாட்டெருவும் கொண்டுவந்து போட்டான். குடிக்கத் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறிக்கு வரிசையில் நின்றோம். பிறகு மழை பிடித்தது. அப்படி ஒரு மழை! சமையலை விட்டுவிட்டுக் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாத்திகளில் தண்ணீர் தேங்கும், பார்த்துக்கொண்டிருக்கவே மண் அதைக் குடித்துவிடும், மறுபடி தேங்கும். அடுத்த வீட்டுப் பெண் வேலிக்கு மேலால், "ரஹ்மத் இறங்குதக்கா!" என்று கத்தினாள். நானும் "ஓமடி, ஆண்டவர் அருள் இறங்கட்டும்!" என்று திருப்பிக் கத்தினேன்.

மழை விட்டதும் அவர் வாளியை எங்களிடம் தரவில்லை. தானே கயிற்றை மெல்ல மெல்ல இறக்கி, தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துவது போல வாளியைத் தண்ணீரின் மேல் சரித்தார். விளிம்பால் கொஞ்சம் கொஞ்சமாக வழிந்து நிறைந்தது. அந்தப் பெண்தான் முதலில் குடித்தாள். வாளியை என்னிடம் நீட்டினாள். கஞ்சிக்குப் போடுகிற அளவு உப்பு நாக்கில் தட்டியது. மற்றப்படி எங்கள் தண்ணீரேதான். கடலின் மேல் வானத்தால் விழுந்த தண்ணீர் கலையாமல் படுத்திருக்கிறது! அவள் அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அவர் மட்டும், "போதும், போதும், நாளைக்கும் வேணும்" என்று வாளியைப் பறித்துக்கொண்டார்.

கீரை விதை தூவினார். முளைக்கவில்லை. இன்னொரு மழைக்குப் பிறகு மறுபடியும் தூவினார். ஒரு காலை, "இஞ்ச ஓடி வா!" என்று பின்வளவில் சத்தம். விழுந்துவிட்டார் என்று அகப்பையும் கையுமாக ஓடினேன். மனுசன் முழந்தாளில் இருந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உயிர் போற மாதிரிக் கத்திறியளே, உங்களுக்கு மூளை கழண்டு போச்சோ?" என்று ஏசத் தொடங்கியவள் நடுவிலேயே நிறுத்திவிட்டேன். மண்மேல் அப்பளம் போலக் காய்ந்திருந்த உப்புப் படையை, நூல் பருமன்கூட இல்லாத ஒரு சிவந்த தண்டு தலையால் தூக்கிக்கொண்டு நின்றது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு ஒரு வரிசை. நானும் அவருக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டேன். சோறு அடிப்பிடித்து மணக்கும்வரை இரண்டு பேரும் எழும்பவில்லை.

ஆனால் பொய் சொல்லக்கூடாது. முளைத்தது ஒரு மூலையில்தான். உப்பில் கருகியதென்று வெட்டிவிட்ட கத்தரியில் ஒன்றிரண்டு அடியில் தளிர் விட்டன. மிளகாய் முழுக்கப் போய்விட்டது. வெயில் எறித்த நாட்களில் பாத்திகள் மறுபடி வெள்ளை பூத்தன. புதுவருஷமும் வந்துவிட்டது. இதைச் சரிவந்த தோட்டம் என்று எந்த வாயால் சொல்வது? சொன்ன சொல் சொன்னதுதான் என்று அவருடைய சாரங்களையும் சேட்டுகளையும் மடித்து சூட்கேசில் வைத்தேன். அவர் பார்த்துவிட்டுப் பின்வளவுக்குப் போனார்.

மகன் வானை வாசலில் நிறுத்திவிட்டு நேரே பின்வளவுக்குத்தான் வந்தான். சுற்றிப் பார்த்தான். தகப்பனை நோகடிக்கக்கூடாது என்று மெல்லத்தான் கேட்டான்: "அப்பா, இது சரிவரேல்லைத்தானே?"

அவர் குனிந்தபடி வரம்புக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

"ஓம் மகன், சரிவரேல்லை. பாதிக்கு மேல இன்னும் உப்புத்தான்." பிறகு நிமிர்ந்து அவனைப் பார்த்தார். "இப்பிடிக் கிடக்கேக்க விட்டிட்டு நான் எப்பிடி மகன் வாறது?"

மகன் என்னைப் பார்த்தான். நான் உள்ளே போய், சூட்கேசைத் திறந்து, அழுதழுது அவருடைய சாரங்களை ஒவ்வொன்றாக அலுமாரியில் திருப்பி அடுக்கினேன்.