தோற்றவரின் பேட்ஜ்

இன்று சூலூர் பஸ்ஸில், என் பையில் குத்தியிருந்த பழைய தேர்தல் பேட்ஜையே பக்கத்து சீட் அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பூட்டுச் சின்னம், மேலே ஒரு மீசைக்காரர் படம்.

"ஏனுங்க, இது எங்க கெடச்சுதுங்க?"

"உக்கடத்துல பழைய சாமான் கடையிலங்க."

"எங்கப்பாங்க இது. எங்க தெருவுல இருந்து மொத மொதலா பஞ்சாயத்து பிரசிடெண்டுக்கு நின்னவரு. தோத்ததும் தெருக்காரங்க எல்லாரும் ஜெயிச்சவங்களுக்குப் பயந்து பேட்ஜைக் கழட்டிப்போட்டாங்க. அப்பா மட்டும் சாகற வரைக்கும் கழட்டலீங்க. அதோடயேதான் எரிச்சோம். ஊட்டுல வேற படமே இல்லீங்க."

கழற்றிக் கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொள்வார் என்று நினைத்தேன். எல்லோரும் பார்க்கத் தோளில் குத்திக்கொண்டு இறங்கிப் போனார்.

என்னிடம் இன்னும் ஏழு பேட்ஜ்கள் இருக்கின்றன. படம் கீழே. உங்கள் வீட்டு ஆள் இருந்தால் சொல்லுங்கள். சேகரிப்பு என்று நான் பெருமை பேசுவதாவது குறையும்.