சிவப்புத் துணி கட்டிய ரோஜாக் கன்றுகள்

எழுபதுகளில், இலங்கையில் மஸ்கெலியாப் பக்கம், தேயிலை மலையிலிருந்து என்னைத் துரை பங்களாவின் பூந்தோட்டத்துக்கு மாற்றினார்கள். புது நிறப் பூ வேண்டுமென்று, ரோஜாக் காய்களின் விதையைப் போட்டுத் துரை கன்றுகள் வளர்த்தார். சிலவற்றில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்.

"தேறாததைப் பிடுங்கி எரிச்சிரு" என்றார்.

மலையில் அடையாளம் போட்ட செடியைத்தான் பிடுங்குவோம். துணியை அவிழ்த்துவிட்டு அவற்றையே பிடுங்கி எரித்தேன்.

பங்களாச் சமையல்காரர் பதறினார். "அடப்பாவி, துணி கட்டுனதுதான் நல்ல கன்னு!"

வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும். அந்தத் துணிகளை மிஞ்சிய நோஞ்சான் கன்றுகளில் கட்டினேன்.

மாதங்கள் கழித்துத் துரை கூப்பிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. நான் துணி கட்டிய நோஞ்சான்களில் ஒன்று மஞ்சளாய்ப் பூத்திருந்தது.

"இலையைப் பார்த்தப்பவே தெரியும், இது தேறும்னு."

"ஆமாங்க துரை" என்றேன்.

யாரையாவது 'தேறமாட்டான்' என்று சொல்லக் கேட்டால், இன்றும் எனக்கு அந்த மஞ்சள் பூதான் நினைவுக்கு வருகிறது.