பதினேழாம் பக்கத்துப் பூ

தொண்ணூறுகளில் அல்சூரில் குடியிருந்தேன், வேலை நகரத்தின் மறுகோடியில், பீன்யாவில். எங்கள் தெருவில் ஒரு தமிழ் வாடகை நூலகம் இருந்தது. படித்ததையே மறுபடி எடுத்துவிடக் கூடாதென்று, அங்கே புத்தகத்தின் ஏதாவது ஒரு பக்கத்தில் ஆளுக்கொரு அடையாளம் போட்டுவைப்பார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த மூன்று நாவல்களிலும் பதினேழாம் பக்க மூலையில் பென்சிலால் வரைந்த ஒரு சின்னப் பூ இருந்தது. பிறகு அந்தப் பூவைத் தேடித்தான் புத்தகம் எடுத்தேன். ஒன்றுகூட ஏமாற்றவில்லை. தூறலில் கம்பெனி பஸ்ஸின் ஜன்னல் மங்கிக்கிடக்க, எனக்கு முன்னால் அதே வரிகளில் நடந்துபோன ஒருத்தியை நினைத்துக்கொண்டே போவேன். எங்கே சிரித்திருப்பாள், எங்கே புத்தகத்தை மடியில் கவிழ்த்துவைத்து வெளியே பார்த்திருப்பாள் என்று.

ஒருநாள் நூலகக்காரரிடம் அந்தப் பூ யாருடையது என்று கேட்டேன்.

"அது ஒரு டீச்சரம்மா போடுறது சார். எல்லாத்துக்கும் போட மாட்டாங்க. சுத்தமா புடிக்காததுக்கு மட்டும்தான். நல்லா இருந்தா இன்னொரு வாட்டி படிக்கலாமேன்னு விட்டுடுவாங்க."

சுருக்கென்று கோபம் வந்தது. அந்த நாவல்களைப் பிடிக்காத ஒரு மனுஷியா! அவளோடா இத்தனை நாள் பஸ்ஸில் போனேன்!

அலமாரிப் பக்கம் திரும்பி, மறுபடியும் அந்தப் பூவைத் தேடிப் பதினேழாம் பக்கங்களைப் புரட்ட ஆரம்பித்தேன்.