மறு கண்

எட்டாவது வரை படித்தவள் நான். எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் செங்கம் ரோட்டுக் கடையொன்றில் கண் வரையாத சிவப்புப் பொம்மையைப் பார்த்தேன். அண்ணன் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன வருஷம் ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா ஒரு விடுதியில் தோட்ட வேலை பார்த்தார். அங்கே வருஷாவருஷம் வந்து தங்கும் ஜப்பான்கார அம்மா, அவர்கள் ஊர் அதிர்ஷ்ட சாமி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போவார். தொந்தி சாமி, மீன் பிடிக்கிற சாமி என்று கட்டைவிரல் உயரத்தில் நான்கு எங்கள் பூஜை அலமாரியில் சேர்ந்திருந்தன. அம்மா எல்லாவற்றுக்கும் குங்குமம் வைப்பாள். வெள்ளிக்கிழமைகளில் மீனை மட்டும் பூவால் மறைத்துவிடுவாள்.

அந்த வருஷம் வந்தது கண்ணில்லாத சிவப்புச் சாமி. வேண்டிக்கொண்டு ஒரு கண் வரைய வேண்டும், நடந்த பிறகுதான் மறு கண் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். அண்ணன் திரும்பி வரவேண்டும் என்று அப்பா ஒரு கண் வரைந்தார்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அம்மா கண்மையால் மறு கண்ணையும் வரைந்துவிட்டாள்.

"அவன் வந்தப்புறந்தான்டி வெக்கணும்," என்றார் அப்பா.

"சாமிய ஒத்தக் கண்ணோட வெச்சிருப்பாங்களா? ரெண்டு கண்ணாலயும் தேடட்டுங்க."

அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, எண்ணெய் தொட்டுத் துடைத்தாள். மை கன்னம் வரை இழுத்துக்கொண்டது. அண்ணன் வரவில்லை. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கடையில் பார்த்ததை அம்மாவிடம் சொன்னேன்.

"கண்ணு வெச்சிருந்துச்சா?"

"ரெண்டுமே இல்லம்மா."

"நான்தான் அவசரப்பட்டுட்டேன்," என்றாள்.

மறுநாள் அம்மா ஐந்து சாமிகளையும் துணியில் சுற்றி எடுத்துப்போய், அரசமரத்தடியில் கண்ணாடி உடைந்த சாமி படங்களோடு வைத்துவிட்டு வந்தாள்.